மாத்திரைக்குள் இருக்கும் மாவு



மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றைக் கையில் எடுத்து, இதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், உறையின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து உடனே விடை சொல்லிவிடலாம். 30 மில்லிகிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே மாத்திரையைப் பொற்கொல்லர் தராசில் இட்டு நிறுத்தால் 300 மில்லிகிராம் நிற்கக்கூடும். மருந்து பத்தில் ஒரு பங்குதான். மற்ற ஒன்பது பங்கு என்ன? அது நோயைத் தீர்க்கும் பொருளன்று. மருந்தாக்குவோர் அதனைத் துணைப்பொருள் என்பர். நம் வீட்டுப் பெரியவர்களோ ‘வெறும் மாவு’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த வெறும் மாவைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம். மாவைப் பற்றியும் ஒரு பேச்சா என்று நேயர்கள் வானொலிப் பெட்டியை அணைத்துவிட வேண்டா. அதன் இயல்பை அறியாமையால் ஒருவர் உயிருக்கே இடையூறு நேரக்கூடும் என்பதை நாம் நேரிலேயே கண்டோம். கண்ட இடம் சந்திரகிரி.

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் செல்லும் சாலையில், சுவர்ணமுகி ஆற்றை அடுத்து, குன்றின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. விசயநகரப் பேரரசர்கள் தம் கடைசிக் காலத்தில் தலைநகராகக் கொண்ட கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. அதனுள் இருக்கும் இராச மாளிகை இப்போது தொல்பொருள் துறையின் காட்சியகம். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை சந்திரகிரி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டங்கள் மாறினாலும், ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் கைகோத்து வரும் அவ்வூர்ப் பேச்சு மாறவில்லை.

நமக்குப் பெரியம்மா முறையாகும் மூதாட்டி ஒருவர் அங்கே வாழ்கிறார். மகன் புனே நகரில் பணிபுரிகிறார். தாயாருக்கு இரத்த அழுத்தம். அதற்குரிய மாத்திரையை மகன் மாதந்தோறும் வாங்கி அனுப்பிவைப்பார். உங்களுள் எத்தனையோ பேர் செய்யும் காரியந்தான் இது. ஒரு முறை, கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கி, வேண்டிய எண்ணிக்கையை மட்டும் ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார். மருந்தின் பெயர் அச்சிட்ட பகுதி ஓரிடத்தில் போயிற்று. எப்படி உண்ண வேண்டும் என்னும் குறிப்பு அச்சிட்ட பெட்டி கடையிலேயே நின்றுவிட்டது. பெரியம்மாவுக்கு மாத்திரை சற்றுப் பெரியதாகப் பட்டது, தொண்டையில் இறங்கவில்லை. சிறு வயதிலிருந்தே சூரணத்தைத் தேனில் குழைத்து உண்டு பழகியவர். ஆகவே மாத்திரையைச் சிறு கல்வத்தில் இட்டு நுண்ணிதாகப் பொடித்துத் தேனில் குழைத்து நாவில் தடவிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் உடல் வியர்த்தது, கண் இருண்டது, வாயிற்படியில் சாய்ந்துவிட்டார். அண்டை வீட்டார் திருப்பதிக்கு எடுத்துச் சென்றனர். நல்வினைப் பயனாகப் பிழைத்தார்.

மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, எந்த மருந்து என்பதன்று. எப்படிச் சாப்பிட்டீர்கள் என்பதே. அந்த மாத்திரை ஒரு நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கரைய வேண்டியது. கல்வத்தில் இட்டுப் பொடித்த கணமே, 24 மணி நேரத்துக்குரிய மருந்து ஒரே மணியில் குருதியில் சேர்ந்துவிட்டது. நிபிடிப்பின் போன்ற இரத்த அழுத்த மருந்துகளில் இப்படிச் செய்தால் அழுத்தம் திடீரெனச் சரிந்து பேராபத்து விளையும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. பெரியம்மா பொடித்தது மருந்தை அன்று. மருந்தைக் காவல் காத்து நின்ற மாவின் அமைப்பையே அவர் உடைத்துவிட்டார்.

தமிழில் மாத்திரை என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மருந்துருண்டை ஒன்று, காலத்தின் அளவு மற்றொன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியில் ஓதியவர்கள் அறிவர். நாம் இங்கே பேசும் மாத்திரை இரண்டு பொருளும் ஒருங்கே உடையது எனலாம். ஆனால் இந்தக் கால அளவு மருந்துக்கு இயல்பாக வந்ததன்று. பொடியை அச்சில் இட்டு அழுத்தி மாத்திரை ஆக்கும் முறைக்கு 1843-இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரோக்கடன் என்பவர் உரிமைச் சாசனம் பெற்றார். அவர் ஓவியர், பென்சிலுக்கு வேண்டிய கிராபைட்டுப் பொடியை உடையாமல் அழுத்துவதற்கென்று கண்ட வழியையே மருந்துக்கும் பயன்படுத்தலாம் என்று சாசனத்தில் சேர்த்துக்கொண்டார். அதன் பின்னர் நூறாண்டுக்கு மேல், வயிற்றில் விரைவில் உடைந்து கரைவதே மாத்திரையின் சிறப்பாகக் கருதப்பட்டது. மெல்லக் கரைவதும் ஒரு சிறப்பே என்பது 1952-இல் தெரியலாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்க நிறுவனம் ஒன்று, மெழுகுப் பூச்சிட்ட மிகச் சிறிய மணிகளை உறைக்குள் அடைத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மருந்தாக விற்றது. பூச்சின் கனம் மணிக்கு மணி வேறுபட்டமையால் சில மணிகள் முன்னும் சில பின்னும் கரைந்தன.

பூச்சு இடுவது செலவு மிகுந்த வேலை. அதைவிட எளிய வழி வேறொன்று உண்டு. அதற்கு 1962-இல் அமெரிக்காவில் உரிமைச் சாசனம் வழங்கப்பட்டது. அவ்வழியை விளக்க ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. சந்திரகிரியில் பெரியம்மா வீட்டு அடுப்படியே போதும்.

அப்பகுதியில் ராகிச் சங்கடி நாள்தோறும் ஆகும் உணவு. நம் ஊர்க் களிதான் அது. கொதிக்கும் பானையில் மாவைப் பதமாகத் தூவாமல் ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டால் கட்டி தட்டிவிடும். அந்தக் கட்டியைப் பிட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்: வெளியே வழுவழுப்பான பசைத் தோல், உள்ளே உலர்ந்த பச்சை மாவு. அவ்வளவு நேரம் கொதிநீரில் கிடந்தும் உள்ளே நீர் புகவில்லை. நீர் பட்டவுடன் வெளிப்புறத்து மாவு பசையாகி, பின்னால் வரும் நீருக்கு வழியை அடைத்துவிட்டது. சமைப்பவர் சலித்துக்கொள்ளும் இந்தக் கட்டிதான் மருந்தாக்குவோர் விரும்பித் தேடும் பொருள். மருந்தையும் பசையாகும் பொடி ஒன்றையும் கலந்து அழுத்திவிட்டால், வயிற்றில் விழுந்தவுடன் மாத்திரையின் மேல் ஒரு பசைத் தோல் உண்டாகும். நீர் அத்தோலின் வழியே மெல்ல உள்ளே செல்ல வேண்டும். மருந்து அதன் வழியே மெல்ல வெளியே வர வேண்டும். தோலின் வெளிப்பக்கம் கரைந்து தேயத் தேய, உட்பக்கத்தில் புதிய தோல் உண்டாகிக்கொண்டே போகும்.

இதற்கு இன்று பெரிதும் பயன்படும் பொடி ஹைப்ரமெல்லோஸ் என்பது. மரக்கூழிலிருந்தோ பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும் பஞ்சிலிருந்தோ பெற்ற செல்லுலோசை வேதிமுறையால் மாற்றி அதனை ஆக்குகிறார்கள். ராகி மாவுக்கும் இதற்கும் ஒரு வேடிக்கையான வேறுபாடு உண்டு. ராகி மாவு பசையாக வெந்நீர் வேண்டும்; இது வெந்நீரில் கரையாது, குளிர்ந்த நீரில்தான் கரையும். ஆகவே உடலின் சூட்டில் அது நன்றாகவே பசையாகிறது. அதிலும் பல தரம் உண்டு. 100-க்கு 2 பங்கு என்னும் அளவில் நீரில் கரைத்தால், ஒரு தரம் நீரைப் போல் 4,000 மடங்கு தடிப்பாக நிற்கும். மற்றொரு தரம் 1,00,000 மடங்கு. மருந்து எத்தனை மணி நேரம் நீடிக்க வேண்டுமோ அதற்கேற்பத் தரத்தைத் தேர்கின்றனர்.

இவ்வளவும் கேட்டவர்கள், பசைப்பொடியை வாங்கிக் கலந்து அழுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடும். இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

கட்டி தட்டுவதற்கு மாவு எப்படி இருக்க வேண்டும்? நைசாக அரைத்த மாவு உடனே கட்டி தட்டும். ரவை கட்டி தட்டுவது அரிது. ரவைக்கு நடுவே இடைவெளி மிகுதி. பசை மூடுவதற்குள் நீர் உள்ளே பாய்ந்துவிடும். மாத்திரையிலும் இதுவே நிகழ்கிறது. பசைப்பொடியின் துகள் பருத்திருந்தால், தோல் உண்டாவதற்கு முன்பே நீர் நடுவரை புகுந்து மாத்திரை சிதறிவிடும். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டியது அரை மணியில் போய்விடும். ஆகவே துகள் நுண்ணியதாக இருக்க வேண்டும்; அளவும் போதிய அளவு இருக்க வேண்டும். மாத்திரையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பசைப்பொடி சேர்ப்பது வழக்கம்.

ஆனால் நுண்ணிய பொடி ஓடாது. இதனை அறியக் கோலம் போடும் பெண்மணியைக் கேட்டால் போதும். கல்மாவு விரலிடுக்கில் நூல் பிடித்தாற்போல் இறங்கும். நைசான அரிசி மாவு, அதுவும் மழைக்கால ஈரம் ஏறிய மாவு, விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக விழும். மாத்திரை இயந்திரமும் கோலம் போடுவதைப் போன்றதே. பெரிய வட்டம் ஒன்று சுழலும்; அதில் சிறு குழிகள் இருக்கும்; மேலிருந்து பொடி ஓடிவந்து குழியை நிரப்ப வேண்டும்; மேலும் கீழும் இரண்டு உலக்கைகள் வந்து அழுத்திவிடும். ஒரு மணியில் இலட்சக்கணக்கான மாத்திரைகளை இறக்கும் இயந்திரங்கள் உண்டு. ஒரு குழிக்குக் கிடைக்கும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவு. இயந்திரம் எதையும் நிறுத்துப் போடுவதில்லை. குழியின் கொள்ளளவால் அளந்தே போடுகிறது. பொடி தங்கு தடையின்றி ஓடினால் ஒவ்வொரு குழியும் ஒரே அளவு நிறையும். ஓடாவிட்டால் ஒரு மாத்திரை கனத்தும் ஒன்று மெலிந்தும் போகும். 250 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மாத்திரைகளில் சராசரி எடையிலிருந்து 100-க்கு 5 பங்குக்கு மேல் விலகல் கூடாதென்பது இந்திய மருந்தியல் தொகுப்பின் பொது விதி. இருபது மாத்திரைகளை நிறுத்தால் இரண்டுக்கு மட்டும் சிறிது விலக்குத் தரலாம். சாதாரண மாத்திரையில் எடை குறைந்தால் மருந்து சிறிது குறையும், அவ்வளவே. மெல்லக் கரையும் மாத்திரையிலோ பசைப்பொடியும் சேர்ந்து குறைகிறது; அழுத்தமும் தளர்கிறது; கரையும் காலமே மாறிவிடுகிறது.

நுண்ணியதாகவும் இருக்க வேண்டும், ஓடவும் வேண்டும் என்னும் இந்த இரண்டு தேவைகளையும் ஒரே பொடியில் இணைத்துவைப்பதுதான் துணைப்பொருளைத் திருத்தும் கலை. கரையும் மாத்திரையைப் பற்றிய ஆராய்ச்சியில் இதற்கு முக்கியமான இடம் உண்டு.

முதலில் பொடியின் ஓட்டத்தை அளக்க வேண்டும். அதற்கு இரண்டு எளிய சோதனைகள் உண்டு. புனலின் வழியே பொடியைக் கொட்டி, அது குவியும் குவியலின் சாய்வைக் கோணமானியால் அளப்பது ஒன்று. களத்து மேட்டில் நெல்லைக் கொட்டினால் தாழ்ந்து பரவும். தவிட்டைக் கொட்டினால் செங்குத்தாக நிற்கும். செங்குத்தாக நிற்பது ஓடாத பொடி. மற்றொன்று, படி அளப்பவர்களின் சூட்சுமம். படியில் நெல்லை மெல்லச் சொரிந்து அளப்பதற்கும், குலுக்கித் தட்டி அளப்பதற்கும் உள்ள வேற்றுமை நம் பாட்டன்மார் நன்கறிந்தது. அளவுக் குழாயில் 100 மில்லிலிட்டர் பொடியைச் சொரிந்து பல நூறு முறை தட்டுகிறார்கள். அது 87-க்கு இறங்கினால் சுருக்கம் 13, நல்ல ஓட்டம். 70-க்கு இறங்கினால் சுருக்கம் 30. அந்தப் பொடி இயந்திரத்தில் தொல்லை கொடுக்கும். இதனை 1965-இல் முறைப்படுத்தி வெளியிட்டவர் கார் என்னும் அமெரிக்கப் பொறியியலார். இன்றும் அவர் பெயராலேயே இந்த எண் வழங்குகிறது. ஒரு படியும் ஒரு தட்டும் போதுமான சோதனை!

ஓடாத பொடியை ஓடவைப்பது எங்ஙனம்? பழைய வழி, புட்டு மாவு பிசிறும் வழி. பொடியில் சிறிது நீரோ சாராயமோ தெளித்துப் பிசிறி, சல்லடையில் தேய்த்து, உலர்த்தி எடுத்தால் சிறு மணிகளாகும். மணி உருண்டு ஓடும். ஆனால் மணிக்குள் இருக்கும் துகள் நுண்ணியதாகவே இருப்பதால் நீர் பட்டால் பசையும் விரைவில் உண்டாகும். திருப்பதியில் இதனைச் சொல்லும்போது இலட்டு நினைவுக்கு வாராமல் இராது. கடலை மாவை நேரே உருட்டிப் பிடிப்பதில்லை. பூந்தியாக்கிப் பாகில் நனைத்தே பிடிக்கிறார்கள். ஒப்புமை முழுதும் பொருந்தாது என்றாலும், மாவை மணியாக்கிய பின்னர்ப் பிடிப்பது என்னும் கருத்து ஒன்றே. பசைப்பொடியில் நீர் தெளிக்கும்போது ஒரு தொல்லை உண்டு. மாத்திரைக்குள் நிகழ வேண்டிய கட்டி தட்டல் பிசிறும் பாத்திரத்திலேயே நிகழ்ந்துவிடும். ஆகவே நீரின்றி, இரண்டு உருளைகளின் நடுவே பொடியை நசுக்கிப் பட்டையாக்கி, பின் உடைத்து மணியாக்கும் முறையும் வந்தது.

புதிய வழி, இரண்டு துணைப்பொருள்களை ஒன்றாகக் கரைத்தோ கலக்கியோ, வெப்பக் காற்றில் தெளித்து உலர்த்துவது. அவ்வாறு செய்தால் ஒவ்வொரு துகளிலும் இரண்டும் சேர்ந்திருக்கும். இதில் வேதி மாற்றம் எதுவும் இல்லை; வெறும் சேர்க்கைதான். ஆயினும் தனித்தனியே கலந்த பொடியைவிட இது நன்றாக ஓடுகிறது, நன்றாக இறுகுகிறது. மாத்திரைகளில் பெரிதும் பயன்படும் நுண்படிகச் செல்லுலோசு என்னும் பொடி, 1955-இல் அமெரிக்காவில் இழை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பட்டிஸ்டா என்பவரும் அவர் துணையாளரும் கண்டது. தனியே நின்ற அப்பொடியோடு நுண்ணிய சிலிக்காவைச் சேர்த்துத் தெளித்துலர்த்திய வகை, பிற்காலத்தில் மாத்திரை செய்வோருக்கு வரப்பிரசாதமாயிற்று. சிலிக்காவின் அளவு 100-க்கு இரண்டு பங்குதான்; அது துகளின் மேல் ஒட்டி, துகளும் துகளும் பற்றிக்கொள்ளாமல் விலக்கிவைக்கிறது.

இறுதியாகச் சேர்க்கும் வழவழப்புப் பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மெக்னீசியம் ஸ்டீரேட் என்னும் கொழுப்புப் பொடியை 100-க்கு ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்க்கிறார்கள். இல்லையெனில் மாத்திரை அச்சில் ஒட்டிக்கொள்ளும். இதனைக் கடைசியில் சேர்த்துச் சில நிமிடங்கள் மட்டுமே கலக்க வேண்டும். நன்றாகக் கலந்தால் நல்லதுதானே என்று அரை மணி சுற்றவிட்டால், அது ஒவ்வொரு துகளின்மேலும் எண்ணெய் பூசினாற்போல் படர்ந்துவிடும்; மாத்திரை இறுகாது, நீரும் எளிதில் பற்றாது. சூத்திரத்தில் எழுதியிருக்கும் எடைகள் யாவும் சரியாக இருந்தும், கலக்கிய நேரம் ஒன்று தவறியதால் மொத்தமும் கெட்டுப்போவது உண்டு.

ஹைப்ரமெல்லோஸ் ஆலையில் பிறப்பது. ஆனால் பசையாகும் பொடிகளை இயற்கை நம் நாட்டில் வாரி வழங்கியிருக்கிறது. நாம் பொரியல் செய்து உண்ணும் கொத்தவரையின் விதையிலிருந்து வரும் பிசினை உலகம் ‘குவார்’ என்று அழைக்கிறது. உலக விளைச்சலில் பெரும் பகுதி இராசத்தானத்து வறண்ட நிலத்திலிருந்து வருவது. புளியங்கொட்டைப் பருப்பின் மாவு நெடுங்காலமாக நெசவாலைகளில் பாவுக்குக் கஞ்சி போடப் பயன்பட்டது. சித்தூர்ப் பகுதியிலும் கிருட்டிணகிரிப் பகுதியிலும் சாலையோரமெங்கும் புளிய மரங்கள். ஆந்திர மலைகளில் தெலுங்கர் தப்சி என்று சொல்லும் மரத்தைக் கீறி மலைவாழ் மக்கள் எடுக்கும் பிசின் உண்டு. அதுபோன்ற காட்டு விளைபொருள்களை அவர்களிடம் விலைக்கு வாங்கும் கிரிசனக் கூட்டுறவுக் கழகம் 1956-இல் விசாகப்பட்டினத்தில் அமைந்தது.

இவற்றை மாத்திரைக்கு ஏற்றவாறு திருத்தும் ஆராய்ச்சியில் ஆந்திரப் பல்கலைக்கழகத்து மருந்தாக்கியல் துறைக்கு நல்ல பங்கு உண்டு. நீரில் மிக எளிதாகக் கரையும் மெட்டோபுரோலால் என்னும் மருந்தைக் கொத்தவரைப் பிசினால் எப்படிக் கட்டுவது என்று அங்கே ஆராய்ந்தனர். எளிதில் கரையும் மருந்தை மெல்ல வெளிவிடச் செய்வது கடினம். பிசினை என்னதான் கூட்டினாலும் முதல் ஒரு மணியில் பெருமளவு நழுவிவிடும். அவர்கள் மருந்தடுக்கின் மேலும் கீழும் வெறும் பிசினடுக்கு ஒவ்வொன்று வைத்து அழுத்தி, மூவடுக்கு மாத்திரை செய்தனர். 2002-இல் அதன் விவரம் வெளிவந்தது. சந்தனக் கட்டையை இரு பலகைகளுக்கு நடுவே வைத்தாற்போல், மருந்து பக்கவாட்டில் மட்டுமே வெளிவர வழி இருந்தது. தப்சிப் பிசினைச் சூடுபடுத்தி, அதன் பிசுபிசுப்பைக் குறைத்து, நீரேறி உப்பும் தன்மையை மட்டும் நிறுத்திக்கொள்ளும் முறையும் அதே காலத்தில் அங்கே ஆராயப்பட்டது. அடுப்பில் சூடாக்குவதுதான் அவ்வளவு பெரிய திருத்தம்!

சந்திரகிரியை அடுத்த ரங்கம்பேட்டையிலும், 1983-இல் தோன்றிய திருப்பதிப் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் இன்று மருந்தாக்கியல் கற்பிக்கப்படுகிறது. பொதுவாக நம் நாட்டு மருந்தாக்கியல் கல்லூரிகளில், இயற்கைப் பிசின் ஒன்றை எடுத்து மெல்லக் கரையும் மாத்திரை செய்து பார்ப்பது மாணவர்க்கு விருப்பமான பொருள். அவ்வேடுகளைப் படிக்கும்போது நமக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. இவ்வாண்டுப் பிசினால் செய்த மாத்திரை பன்னிரண்டு மணி நேரம் நின்றது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு மழை மிகுந்தால், மரம் வேறானால், பிசின் அதே பிசினாக இருக்குமா? மரத்திலிருந்து வருவது ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும், ஈரம் ஏறும், கிருமி சேரும், மூட்டையில் கிடந்தால் பிசுபிசுப்புக் குறையும். ஆலையில் பிறந்த ஹைப்ரமெல்லோஸ் விலை கூடினும் அதனையே நிறுவனங்கள் நாடுவதற்குக் காரணம் இதுவே. பிசினைச் சாராயத்தில் இட்டுத் திரித்து, தூய்மை செய்து, உலர்த்தி, ஒரே அளவுத் துகளாக்கி, ஐந்து ஆண்டுப் பிசினையும் ஒரே வகையாக நடந்துகொள்ளச் செய்வார் யாரோ, அவரே புளியங்கொட்டைக்கு உண்மையில் விலை ஏற்றுபவர்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த மாத்திரை சொன்னபடி கரைகிறதா என்று பார்ப்பதும் ஒரு தனிக்கலை. கண்ணாடிப் பாத்திரத்தில் உடல் வெப்பமாகிய 37 பாகையில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர்மம் வைத்து, துடுப்பால் மெல்லக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். இரைப்பையைப் போல் முதல் இரண்டு மணி நேரம் அமிலம். பிறகு குடலைப் போல் அமிலம் நீங்கிய நீர். மணிக்கு மணி சிறிது எடுத்து மருந்து எவ்வளவு வந்தது என்று அளப்பார்கள். சாதாரண மாத்திரைக்கு இவ்வளவு நேரத்தில் இவ்வளவாவது கரைய வேண்டும் என்று ஒரு கீழெல்லை இருந்தால் போதும். மெல்லக் கரையும் மாத்திரைக்கு மேலெல்லையும் உண்டு: முதல் மணியில் இதற்கு மேல் வந்துவிடக் கூடாது. அந்த மேலெல்லையைத்தான் பெரியம்மாவின் கல்வம் மீறியது. கல்வம் மட்டுமன்று, வேறு பொருள்களும் மீறலாம். 2005-இல் அமெரிக்காவில் ஒரு நெடுநேர வலி மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றனர். மதுவோடு உண்டால் அதன் காவல் குலைந்து மருந்து ஒரேயடியாக வெளிவந்தது தெரியவந்தமையே காரணம்.

வெளிமாநிலங்களில் வாழ்ந்துகொண்டு ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மருந்து வாங்கி அனுப்பும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., எம்.ஆர்., எக்ஸ்.எல்., ரிட்டார்டு என்னும் எழுத்துகளோ சொல்லோ இருந்தால், அது மெல்லக் கரையும் மாத்திரை. அதனைப் பொடிக்கவும் மெல்லவும் கூடாது. நடுவே கோடு இட்ட சில வகைகளை இரண்டாக ஒடிக்கலாம். அதுவும் மருத்துவரோ மருந்தாளுநரோ சொன்னால்தான். விழுங்க இயலாதவர்க்கு அதே மருந்து விரைவில் கரையும் வடிவிலோ நீர்ம வடிவிலோ கிடைக்கக்கூடும். வேளையும் அளவும் மாறும் என்பதால் மருத்துவரே மாற்றித் தர வேண்டும். தாமாக நிறுத்திவிடுவதும் தீதே. மற்றொரு செய்தி: நீரிழிவுக்கு உண்ணும் மெட்பார்மின் நெடுநேர மாத்திரையின் பசைக் கூடு சில வேளை மலத்தில் அப்படியே வெளிப்படும். மாத்திரை கரையவே இல்லை என்று பதறுவோர் உண்டு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது; வெளிவந்தது வெறும் மாவு.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பெரியம்மாவுக்கு இதையெல்லாம் நாம் வாயால் விளக்கிப் பார்த்தோம்; அவர் நம்பவில்லை. ஆகவே அவருடைய மாத்திரை ஒன்றை மாலை ஆறு மணிக்கு ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் போட்டு வைத்தோம். ஒன்பது மணிக்கு எடுத்தபோது அது இரு மடங்கு உப்பி, நுங்கைப் போல் வழுவழுப்பாக இருந்தது. கத்தியால் குறுக்கே அறுத்துக் காட்டினோம். நடுவில் வெள்ளை வெளேரென்று உலர்ந்த பொடி. பெரியம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது சங்கடிக் கட்டியல்லவா, தம்பி? அவன் அனுப்பும்போதே சொல்லியிருக்கலாமே” என்றார்.

மறுமாதம் புனேயிலிருந்து வந்த பொதியில் மாத்திரைகள் நறுக்கப்படாத முழு அட்டையாக, பெட்டியோடு இருந்தன. பெட்டியின் மேல் மகன் தம் கையால், தமிழில் ஒரு வரியும் தெலுங்கில் ஒரு வரியும் எழுதியிருந்தார்.